எத்திராஜ் என்றால் கல்லூரி மட்டும்தானா?

வணக்கம் மக்களே. மொட்டை மாடியிலிருந்து பேசுகிறேன், கீழே குக்கர் விசில் அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்கா பெண்ணுக்கு எத்திராஜ் கல்லூரியில் சீட் கிடைத்துவிட்டது! காலையில் ஃபீஸ் கட்ட நானும் கூடப் போயிருந்தேன்.

முதலில் ஜெராக்ஸ் கதையைச் சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் நகல் இன்னும் 5 பக்கம் வேண்டும் என்றார்கள். வெளியே ஒரு கடையில் பக்கத்துக்கு 10 ரூபாய். பத்து! எங்கள் தெருவில் 2 ரூபாய்தான். பேரம் பேசாமல் நான் நகரமாட்டேன் என்று என் பழைய வீடியோக்கள் பார்த்தவர்களுக்குத் தெரியும். கால் மணி நேரம் நின்றேன். 50 ரூபாயை 30 ஆக்கினேன். மிச்சமான 20 ரூபாயில் வாங்கிய டீயை நாங்கள் இரண்டு பேரும் பங்கு போட்டுக் குடித்தோம். அவ்வளவு ருசி அந்த டீ.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கேட் பக்கம் நின்றபோது, "எத்திராஜ் யாருன்னு தெரியுமா?" என்று கேட்டேன். "யாரோ பணக்காரர், இல்ல சித்தி?" என்றாள். கிரிமினல் லாயர் என்றதும் முகம் சுளித்து, "கொலைகாரங்களைக் காப்பாத்துறவரா?" என்று கேட்டாள். அந்த முகச் சுளிப்புக்காகத்தான் இந்த வீடியோ.

வி.எல். எத்திராஜ் 1890ல் வேலூரில் பிறந்தவர். பாரிஸ்டர். மெட்ராஸில் அவர் பெயரைக் கேட்டாலே எதிர்த்தரப்பு உஷாராகிவிடும். இதெல்லாம் நீங்கள் படித்திருக்கலாம். எனக்கு அவரைப் பிடித்துப்போனது லட்சுமிகாந்தன் கொலை வழக்கால்தான்.

சினிமாக்காரர்களைப் பற்றி மஞ்சள் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்த லட்சுமிகாந்தனை 1944 நவம்பரில் வேப்பேரியில் குத்தினார்கள், மறுநாள் இறந்துபோனார். சதி செய்ததாகத் தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் கைது செய்தார்கள். அது ஜூரி, அதாவது பொதுமக்களில் சிலரை உட்காரவைத்து அவர்கள் முடிவைக் கேட்டு விசாரித்த காலம். இருவருக்கும் ஆயுள் தண்டனை. ஹைகோர்ட் அப்பீலும் தள்ளுபடி. அன்றைக்கு நமக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், அப்பீலை மறுபடி விசாரிக்க உத்தரவு வாங்கி வந்தார்கள். அந்த மறுவிசாரணையில் வாதாடியவர்தான் எத்திராஜ். 1947 ஏப்ரலில் இரண்டு பேரும் விடுதலை!

அரசுத் தரப்பு ஒரு அப்ரூவரைப் பெரிதாக நம்பியிருந்தது. அப்ரூவர் என்றால், குற்றத்தில் தானும் பங்கு என்று ஒப்புக்கொண்டு, மன்னிப்பு வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்பவர். தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவர் எதையும் சொல்லலாம். அதனால் அவர் சொல்வதற்கு வேறு ஆதாரம் துணை நிற்கிறதா என்று கோர்ட் பார்க்கும். அன்றைக்கு இருந்த 1872ஆம் வருடத்துச் சாட்சியச் சட்டமே அந்த எச்சரிக்கையைக் கொடுத்திருந்தது. துணை ஆதாரம் இல்லாத இடத்தைப் பார்த்து விரல் வைப்பதுதான் டிஃபென்ஸ் வக்கீலின் வேலை. பொய்யை ஜோடிப்பது அவர் வேலை இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது!

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். 1937ல் எத்திராஜ் கிரவுன் பிராசிக்யூட்டர் ஆனார், அதாவது அரசு வக்கீல். மெட்ராஸில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். ஒரு கேஸை அரசுத் தரப்பு எப்படிக் கட்டும் என்று உள்ளே இருந்து பார்த்தவர். அப்படிப்பட்டவர் இந்தப் பக்கம் நின்றால், எந்தச் செங்கல் ஆடுகிறது என்று தெரியாமலா இருக்கும்?

1948ல், விடுதலைத் தீர்ப்பு வந்த மறுவருடமே, பெண்களுக்கு இந்தக் கல்லூரியை ஆரம்பித்தார். கோர்ட்டில் சம்பாதித்த சொந்தப் பணம். கல்லூரி இருக்கும் ரோடு அன்றைக்குக் கமாண்டர்-இன்-சீஃப் ரோடு, இன்றைக்கு எத்திராஜ் சாலை.

இதையெல்லாம் திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே அவளுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "சித்தி, டிகிரி முடிச்சுட்டு லா படிக்க எத்தனை வருஷம்?" என்று கேட்டாள். மூன்று வருடம் என்றேன்.