வாடியாவைத் தேடிப் போனவர்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பெரம்பூர்ப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

சமூக மாற்றத்தை உந்தியது சிந்தனையாளரின் கருத்தா, மக்களின் பொருளாதாரத் தேவையா என்னும் இவ்வழக்கில், தேவையே என்று வாதிட வந்திருக்கிறேன். 1918 ஏப்ரல் 27 அன்று ஆலைத் தொழிலாளருக்காகப் பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கம், அன்னி பெசன்ட்டின் தோழரான பி.பி. வாடியாவும் தமிழறிஞர் திரு.வி.க.வும் விதைத்த கருத்தின் விளைச்சல் என்றார் எதிரணித் தலைவர். அவ்விருவரையும் நானும் போற்றுகிறேன். ஆனால் எது முன், எது பின் என்று பார்க்க வேண்டும்.

இங்கிருந்த பக்கிங்காம், கர்நாடிக் துணி ஆலைகளில் நண்பகல் உணவுக்கு விட்ட நேரம் அரை மணிதான். வெளியே வந்து, கை கழுவி, உண்டு, மீண்டும் வாயிலுக்குள் நுழைய அது போதவில்லை. முதல் உலகப் போரால் அரிசியும் துணியும் விலையேற, கூலி அதற்கு ஈடாக ஏறவில்லை. இந்த முறையீடுகளைக் கேட்டு மனம் பொறாத வணிகர்களான செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும்தாம் வாடியாவைத் தேடிப் போனார்கள். தேவை அழைத்தது, தலைமை வந்தது.

கடல் கடந்தும் இதுவே நடந்திருக்கிறது. 1348இல் இங்கிலாந்தைத் தாக்கிய கொள்ளைநோய் மக்களில் பெரும்பகுதியைக் கொன்றபின், உழுவதற்கு ஆள் கிடைக்காமல் கூலி உயர்ந்தது. 1351இல் அதைக் கட்டுப்படுத்த இயற்றிய சட்டத்தாலும் பண்ணையடிமை முறை தேய்வதைத் தடுக்க இயலவில்லை. அருகிலுள்ள இராயபுரத்திலிருந்து 1856இல் ரயில் புறப்பட்டதும் சமத்துவத்தைப் பரப்ப அன்று. சரக்கையும் படையையும் விரைந்து நகர்த்தவே. சாதிக்கொரு பெட்டி கட்டுப்படியாகாது என்பதால், ஒன்றாக அமராதவர்கள் ஒரே பலகையில் அமர்ந்தார்கள்.

தேவை மக்களை ஒன்றுசேர்க்குமெனில், இதே ஆலைகளில் நடந்த 1921 வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் சாதியால் பிளந்து, ஆதிதிராவிடர் பலர் வேலைக்குத் திரும்பியது ஏன் என்று எதிரணியினர் கேட்டார்கள். நியாயமான கேள்வி, அப்பிளவின்போது அருகிலுள்ள புளியந்தோப்பில் வீடுகள் எரிந்த வரலாற்றை வேதனையோடுதான் பேச வேண்டியிருக்கிறது. தேவை எப்போதும் ஒன்றுசேர்க்கும் என்று நான் சொல்லவில்லை. நிலமோ சேமிப்போ இல்லாத ஆதிதிராவிடத் தொழிலாளர் பலரால், கூலியின்றி மாதக்கணக்கில் தாங்க முடிந்திருக்காது. ஒற்றுமை என்னும் உயர்ந்த கருத்து மேடையில் நாள்தோறும் முழங்கியும் அவர்களின் அடுப்பை எரிக்கவில்லையே! அன்றைய பிளவுக்குச் சாதி வன்மம் பெருங்காரணம் என்பதை ஏற்கிறேன். வயிற்றுப்பாட்டை விலக்கிவிட்டு அதை விளக்க முடியாது என்பதே என் வாதம்.

சட்டத்துக்கும் வருகிறேன். ஆலை நிர்வாகம் வாடியா முதலியோர்மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. சங்கம் வைப்பவருக்குச் சட்டப் பாதுகாப்பில்லை என்பதை அவ்வழக்கு நாட்டுக்கே காட்டிய பின்னர்தான், 1926இல் தொழிற்சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. உரிமை பற்றிய நூல்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே இங்கிருந்தன. அவை இருந்தும் வராத சட்டம், கூலிக்காகத் தொழிலாளர் ஆலை வாயிலில் நின்ற சில ஆண்டுகளில் வந்தது. இதற்கு எதிரணியின் அடுத்த பேச்சாளர் விடை கூறட்டும், நடுவர் அவர்களே.