நட்சத்திரப் பழச் சாறும் எதிரணியின் கஞ்சியும்

நடுவர் அவர்களுக்கும் பினாங்குத் தமிழ் மக்களுக்கும் வணக்கம். நாட்பட்ட நோயோடு வாழ்பவருக்குப் பெருந்துணை உறவினரா, கைப்பேசியில் கூடும் சக நோயாளர் குழுவா என்பதே இன்றைய பட்டிமன்றம். உறவினரே என்று வாதிட்ட எதிரணித் தலைவர், "கைப்பேசிக்குள் இருக்கும் குழு கஞ்சி காய்ச்சிக் கொடுக்குமா?" என்று கேட்டுப் பெருங்கைதட்டல் வாங்கி அமர்ந்தார். அந்தக் கஞ்சிக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு சாற்றின் கதை.

பட்டர்வொர்த்தில் இருக்கும் என் சித்திக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு நடக்கிறது. பார்க்க வந்த பெரியம்மா, தம் வீட்டு மரத்தில் பழுத்த நட்சத்திரப் பழத்தைப் பிழிந்து ஒரு போத்தல் நிறையக் கொண்டுவந்தார். "சூட்டைத் தணிக்கும், சிறுநீரைப் பிரிக்கும், குடி" என்றார். நாளைக்குக் குடிக்கிறேன் என்றார் சித்தி. "நீ குடிப்பதைப் பார்க்காமல் கிளம்பமாட்டேன்" என்று பெரியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்துவிட்டார். மறுக்கவும் மனமில்லை, குடிக்கவும் துணிவில்லை! சித்தி தம் சிறுநீரக நோயாளர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கேட்டார். தைப்பிங்கிலிருந்து ஒருவர் உடனே குரல்பதிவு அனுப்பினார்: "அக்கா, ஒரு வாய்கூட வேண்டாம். அந்தப் பழத்தில் உள்ள நச்சு மற்றவர்களுக்குச் சிறுநீரில் வெளியேறிவிடும். நமக்கு இரத்தத்திலேயே தங்கி மூளையைத் தாக்கும். முதலில் நிற்காத விக்கல், பிறகு குழப்பம், வலிப்பு, உயிரே போகலாம். தாதியிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்." மறுநாள் தாதியும் அதையேதான் சொன்னார்.

கஞ்சி காய்ச்சும் கை வேண்டாம் என்று யார் சொன்னார்? அதில் உப்பு எவ்வளவு போடலாம், பொட்டாசியம் மிகுந்த இளநீரை ஏன் கொடுக்கக்கூடாது என்று அந்தக் கைக்கு யார் சொல்லிக்கொடுப்பது? மருத்துவர் சொல்கிறார், உண்மை. ஆனால் நா வறளும்போது, அளவோடு மட்டுமே குடிக்க வேண்டிய தண்ணீருக்குப் பதில் சிறு பனிக்கட்டியை வாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கத்தை, அப்படியே நாள் கடத்திய குழுவினரிடம்தான் சித்தி கற்றார்.

உறவினர் வரும்போதெல்லாம் "எப்போது குணமாகும்?" என்றே கேட்கிறார்கள். சித்தி சிரித்துச் சமாளிப்பார். அவர்கள் போனபின் சமையலறையில் நின்று அழுவார். குழுவில் இருப்பவர்களோ, உடலில் தேங்கும் நீரின் கணக்கறிந்து, "இன்று எத்தனை கிலோ ஏறியிருந்தது?" என்று கேட்கிறார்கள். 2020 மார்ச் 18ஆம் தேதி கொரோனாவைத் தடுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, எந்த உறவும் வாசல் மிதிக்க முடியாதிருந்த நாள்களில், சிகிச்சைக்குத் தனியே போய்வந்த அவரிடம் "வீடு சேர்ந்தீர்களா, அக்கா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டவர்கள், அவர் முகத்தை ஒருமுறைகூட நேரில் கண்டிராதவர்கள். நடுவர் அவர்களே, அவர்களை வெறும் கைப்பேசி என்று ஒதுக்கித் தீர்ப்பெழுதிவிடாதீர்கள்.