பயிற்சியில் மறைந்தவனுக்கும் ஒரு கல் வேண்டும்

(தருமபுரியில் நடந்த நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, பணிகளுக்கிடையே வந்திருந்து விளக்கேற்றிவைத்த வருவாய்க் கோட்டாட்சியர் அவர்களே, முன்னாள் படைவீரர் நல அலுவலகத்து அன்பர்களே, பதக்கங்கள் அணிந்து முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த வீரர்களே, அவர்தம் இல்லத்தரசியரே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். வாடகை வாங்காமல் இம்மண்டபத்தைத் தந்த வணிகப் பெருமக்களுக்கும் நன்றி கூறுகிறேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நான் எந்த மேடையிலும் விடாமல் சொல்லும் வாக்கு.

உலகப் போர்களின்போது பணியில் இருந்து நோயால் இறந்த நம் மாவட்டத்து வீரர்க்கும் நினைவுக்கல்லில் இடம் வேண்டும் என்று கேட்கவே வந்திருக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் சேர்ந்தோர் ஏறத்தாழ 25 லட்சம் பேர். அவர்களுள் ஒருவனைப் பற்றி, அவனுடைய தம்பியாகிய பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னதை இங்கே சொல்லியாக வேண்டும்.

பென்னாகரம் பக்கத்தில் மானாவாரிக் காடு வைத்திருந்த குடும்பம் அது. மழை பொய்த்த ஆண்டில் மூத்த மகன் பெங்களூருக்குப் போய்ச் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையில் சேர்ந்தான். மாதந்தோறும் மணியார்டர் வந்தது. பிறகு ஒருநாள் தந்தி வந்தது. ஊரில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் எவருமில்லாததால், தம்பி அதை எடுத்துக்கொண்டு பென்னாகரத்து வாத்தியாரிடம் நடந்தே போனான். வாத்தியார் படித்துவிட்டுத் தாளை நான்காக மடித்து, "தம்பி, அப்பா கூட வந்திருக்காராப்பா?" என்று மட்டும் கேட்டாராம். நிமோனியாக் காய்ச்சல், பயிற்சி முடியவில்லை, வயது 19. மறுநாள் தபால்காரர், அவன் சாவதற்கு முன் அனுப்பிய கடைசி மணியார்டரோடு வந்து நின்றார். தாய் கைநாட்டு வைக்க மறுத்துவிட்டாள். தம்பிதான் வைத்தான். அந்தப் பணத்தில் வாங்கிய கேழ்வரகைத்தான் வீடு முழுவதும் உண்டது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

ஆனால் ஊரார் அவனைச் 'சண்டைக்கே போகாதவன்' என்று ஒதுக்கிவிட்டார்கள். இது அறமாகாது. பணியில் இருக்கும்போது எக்காரணத்தால் இறந்திருந்தாலும், 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையிலான காலத்தில் மறைந்த வீரரை, உலகப் போர்களில் மாண்டோரின் கல்லறைகளைப் பேணும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் போரில் மாண்டவராகவே கணக்கில் கொள்கிறது. குண்டுபட்டவன், காய்ச்சல் கண்டவன் என்ற பேதம் அங்கே இல்லை. தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல்தான் என்பதால், உறவினரைத் தேடுவோர் பழைய ஆவணங்களில் சேலம் ஜில்லா என்று பார்க்க வேண்டும்.

ஆநிரை மீட்டு விழுந்தவர்க்கெல்லாம் கல் நட்ட மண் இது. நம் அரசு அருங்காட்சியகத்தில் அக்கற்களைக் காணலாம். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தில், தலைவனோடு நின்று திருடரைக் கடித்த கோவிவன் என்னும் நாய்க்குக்கூடக் கல்லில் இடம் தந்தார்கள். சீருடை அணிந்து மாண்ட நம் பிள்ளைக்கு இடமில்லையா?

நோயால் இறந்தோர் உட்பட, உலகப் போர்களில் உயிர்நீத்த நம் மாவட்டத்து வீரர் அனைவரின் பெயரும் பொறித்த கல் ஒன்றை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் நிறுவ வேண்டும் என்னும் மனு, வாயிலருகே மேசைமேல் உள்ளது. கையொப்பமிடுவோர், தம் வீட்டில் அப்படி மறைந்தவர் எவரேனும் இருந்தால் அவர் பெயரையும் ஊரையும் கீழே எழுதிவிட்டுச் செல்லும்படி வேண்டுகிறேன்.