அன்றைக்கு அது செருப்பைத் தூக்கவில்லை

நேயர்களுக்கு வணக்கம். நாய் வளர்ப்பு பற்றிப் பயனுள்ளதாக ஏதாவது பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். என்ன தீவனம், எந்த சோப்பு, குட்டிக்கு எப்போது பூச்சி மருந்து என்பதையெல்லாம் உங்கள் ஊர் டாக்டர் என்னைவிட நன்றாகச் சொல்லுவார். நான் டாக்டர் இல்லை. காரைக்குடிப் பக்கம் கால்நடை மருந்தகங்களில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன், ஊரில் இன்னும் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். டாக்டர் முகாமுக்குப் போய்த் திரும்பும்வரை வேப்பமரத்தடி பெஞ்சில் காத்திருப்பவர்களின் பேச்சைக் கேட்பதுதான் என் சர்வீஸில் பாதி. அந்தப் பேச்சைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

மாடு பிடித்து வருகிறவர் பால் குறைந்ததைச் சொல்லுவார், ஆடு கொண்டுவருகிறவர் சந்தை விலையைச் சொல்லுவார். நாய்க்காரர் மட்டும், என்ன செய்கிறது என்று கேட்டால், குணத்தில் இருந்துதான் ஆரம்பிப்பார். "எங்க மணி இருக்கே, அது மத்த நாய் மாதிரி இல்ல சார்." பக்கத்தில் இருப்பவர் சும்மா இருப்பாரா? "எங்களுது அதுக்கும் மேல" என்று தொடங்கிவிடுவார். இந்தப் போட்டியில் தோற்றவரை நான் பார்த்ததே இல்லை.

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டு நாய் சங்கு ஊதினால் கூடவே பாடும். நம் பக்கத்து நகரத்தார் வீடுகளில் நல்லதுக்கும் கெட்டதுக்கும் சங்கு உண்டு என்பது தெரிந்ததுதானே. கல்யாண வீட்டில் சங்குச் சத்தம் கேட்டதும் இது திண்ணையில் உட்கார்ந்து கழுத்தை நிமிர்த்தி ஊளையிட, வந்திருந்த சம்பந்தி வீட்டார் முகமெல்லாம் மாறிவிட்டதாம். வீட்டு ஆச்சி அசரவில்லை, "அது ஊளை இல்லப்பா, ஒத்து ஊதுது" என்று சொல்லி முடித்துவிட்டார். உண்மையும் கிட்டத்தட்ட அதுதான். ஒரே சுதியில் நீளமாக வரும் சத்தம் எதுவும், ஆம்புலன்ஸ் சைரனோ சங்கோ, தூரத்தில் இன்னொரு நாய் கூப்பிடுவது போல அதன் காதில் விழுகிறது, அது பதில் குரல் கொடுக்கிறது. சகுனமும் இல்லை, ஒன்றும் இல்லை.

இன்னொருவர் தன் நாய் தேய்பிறை அஷ்டமிக்கு விரதம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீடு வைரவன்பட்டியில், நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்றான வைரவர் கோயிலுக்குப் பக்கத்தில்தான். வைரவருக்கு வாகனமே நாய்தான் என்பதால் அவர் சொன்னதை பெஞ்சில் பாதிப்பேர் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாகக் கேட்டார்கள். காலையில் இருந்து சோற்றைத் தொடாதாம், தண்ணீர் மட்டும்தானாம். அவர் மனைவிதான் மெதுவாக, அன்றைக்கு வைரவருக்குச் சாத்திய வடைமாலையில் இருந்து வருகிறவர் போகிறவரெல்லாம் இதற்கு ஆளுக்கு ஒன்று போடுகிறார்கள் என்று சொன்னார். மனிதர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

செட்டிநாட்டு நாய்களுக்கு வேறு ஊர் நாய்களுக்கு இல்லாத ஒரு நிலைமை உண்டு. வீடு ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீண்டு கிடக்கும், உள்ளே ஆள் இருக்காது. சொந்தக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர், அவருக்குத் துணையாக ஒரு நாட்டு நாய். வருடத்தில் பெரும்பாலான நாள் அந்த வளவும் முகப்பும் அதன் ராஜ்ஜியம். பிறகு முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ ஒரே நாளில் ஐம்பது பேர் வந்து இறங்குவார்கள், ஐம்பது பேரும் புதியவர்கள். அப்படி ஒரு வீட்டுக்காரர் என்னிடம் வந்து, "எங்க அப்பச்சி பர்மா தேக்குல கட்டுன வீடு, அதுல என்னையே உள்ள விடமாட்டேங்குது, வாட்ச்மேன் சொன்னாத்தான் விடுது" என்று புகார் சொன்னார். அதற்கு என்ன மருந்து கொடுக்க? பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, தினமும் சோறு வைக்கிறவர் யார் என்று தெரியும்.

இந்த மாதிரி வீட்டு நாய் ஒன்றுதான் வருகிறவர்களின் செருப்பைத் தூக்கும். வெளியே திண்ணையில் கழற்றிப் போட்டிருக்கும் செருப்புகளில் ஒருவருடையது மட்டும், அதுவும் ஒற்றைச் செருப்பு, பின்கட்டுக்குப் போய்விடும். யாரைப் பிடித்திருக்கிறதோ அவரைத்தான் இப்படிப் போகவிடாமல் செய்கிறது என்பது அந்த வீட்டுக் காவலர் கட்சி. காலில் வேர்வை வாசம் அதிகம் உள்ளவர் செருப்பாக இருக்கலாம் என்பது என் கட்சி. இந்த நாயை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருகிறேன்.

இப்போது கொஞ்சம் வேறு மாதிரிக் கதைகள். தேவகோட்டையில் ஒரு வாத்தியார் வீட்டில் ராஜபாளையம் குட்டி வாங்கினார்கள். பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, 2005-இல் தபால்துறை நான்கு நாய் இனங்களுக்கு அஞ்சல் தலை வெளியிட்டதில் இதுவும் ஒன்று, அந்தப் பெருமை அவருக்கு ஏகமாக உண்டு. "கூப்பிட்டா திரும்பாது சார், பாளையக்காரர் ரத்தம், அவ்வளவு கர்வம்" என்பார். டாக்டர் அதன் பின்னால் நின்று ஓர் எவர்சில்வர் தட்டைத் தட்டினார். காது அசையவில்லை, தலை திரும்பவில்லை. பிறவியிலேயே செவிடு. அந்த இனத்தில் இது அடிக்கடி வருகிறது. வெள்ளை நிறத்தோடு ஒட்டியது, நிறம் தருகிற அதே செல்கள் உள்காதிலும் இருந்தால்தான் காது ஒழுங்காக வேலை செய்யும், அவை இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் போய்விடும். வாத்தியார் வருத்தப்பட்டார், ஆனால் அவர் வாத்தியார் அல்லவா, அடுத்த முறை வரும்போது கையைக் கீழே காட்டினால் உட்காருவதும் மார்பில் தட்டினால் ஓடி வருவதுமாகப் பழக்கியிருந்தார். அதுவரை அதைத் திட்டிக்கொண்டிருந்த வீட்டார்தான் பாவம், அத்தனை திட்டும் வீண்.

கானாடுகாத்தானில் ஒரு லாப்ரடார். அது ஆத்தங்குடிக் கல் பதித்த முகப்பின் நடுவே நடக்காது, சுவரை ஒட்டிச் சுற்றித்தான் போகும். "பூப்போட்ட கல்லை மிதிக்க மாட்டேங்குது, அவ்வளவு மரியாதை" என்று அந்த வீட்டு அம்மா பெருமைப்பட்டார். எக்ஸ்ரே எடுத்தால் இடுப்பு மூட்டு தேய்ந்திருக்கிறது. தரையோ எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து வழுவழு என்று இருக்கிறது, நகம் நீண்டு வளர்ந்திருக்கிறது, எடையும் ஏகத்துக்கு. நடுவில் போனால் கால் வழுக்கும், வலிக்கும், சுவர் ஓரம் என்றால் சாய்ந்துகொள்ளலாம். நகத்தை வெட்டி, நடக்கும் வழியில் ஜமுக்காளம் விரித்து, சோற்றைக் குறைத்த பிறகு மரியாதையெல்லாம் போய்விட்டது, நடுக்கூடத்திலேயே படுத்துக்கொண்டது.

சிப்பிப்பாறை வைத்திருந்த ஒரு பையன் நேர்மாறாக அலுத்துக்கொண்டான். "வேட்டை நாய்னு வாங்குனேன், மெத்தை இல்லாம படுக்க மாட்டேங்குது, சோம்பேறி" என்றான். தம்பி, அதன் உடம்பைப் பார். முயல் பின்னால் ஓடுவதற்கென்றே ஆன உடம்பு, தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் கொழுப்பே கிடையாது. வெறும் தரையில் கிடந்தால் முட்டியில் காய்ப்பு காய்த்துவிடும். நாலு மடிப்புச் சாக்காவது போட்டுக் கொடு என்று சொல்லி அனுப்பினேன்.

"உப்புக்கறி இல்லாம ஒரு வாய் திங்காது" என்று சிரித்துக்கொண்டே சொன்னவரும் உண்டு. அதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் கறியில் பாதி சின்ன வெங்காயம், வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. தொடர்ந்து போட்டால் ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பித் தண்ணீர் நிறத்தில் போகும்போதுதான் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். அதற்கு வேண்டியதைத் தாளிக்கும் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள்.

ஆக, குணம் என்று பெஞ்சில் உட்கார்ந்து நாம் பேசுகிறதில் கொஞ்சம் நோய் இருக்கும், கொஞ்சம் வீடு இருக்கும், மிச்சம்தான் நாய். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. ஆனால் நான் இந்தப் பேச்சைக் கிண்டல் செய்யவில்லை, இப்படி அளந்து பேசுகிறவர்களின் நாய்கள்தான் பெரும்பாலும் பிழைத்தன. செருப்பு தூக்கும் நாய் என்றேனே, அந்தக் காவலர் ஒரு நாள் காலையில் அதை டிவிஎஸ் வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார். சாப்பிட்டதா என்றால் சாப்பிட்டது, வாந்தி, பேதி எதுவும் இல்லை. "நேத்து படைப்புக்கு அத்தனை பேர் வந்தாக, ஒரு செருப்பைக் கூடத் தூக்கல சார்" என்றார், அவ்வளவுதான் புகார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள், டாக்டர் சிரிக்கவில்லை. காய்ச்சல் இருந்தது, காது மடல் உள்ளே உண்ணி, ரத்தம் எடுத்து அனுப்பியதில், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைந்திருந்தது. எர்லிக்கியா என்று உண்ணி கடித்து வரும் கிருமி, முற்றினால் மூக்கில் ரத்தம் வடியும். அதற்கு முன்பே பிடித்தாகிவிட்டது, நாலு வாரம் மாத்திரை, சரியாகிவிட்டது. "நாய்க்கு உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லத் தெரிந்தவராக அவர் இருந்திருந்தால், அந்த நாளில் மருந்தகத்துக்கே வந்திருக்க மாட்டார்.

இதே விஷயத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், விளையாட்டுப் பேச்சு இல்லை. எல்லோரிடமும் ஓடிவரும் நாய் திடீரென்று இருட்டு மூலையில் போய்ப் படுக்கிறது, அல்லது யாரையும் அண்டவிடாத நாய் திடீரென்று ஒட்டிக்கொண்டு கையை நக்குகிறது, குரைப்புச் சத்தம் கரகரவென்று மாறுகிறது என்றால், அதை ஒரு புதுக் குணமாக எண்ணிக் கதை சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். வெறிநோய் எப்போதும் கடித்துக்கொண்டு ஓடிவரும் நாயாகத்தான் வரும் என்று இல்லை. சிலதில் தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, சாதுவாக உட்கார்ந்திருக்கும். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று எண்ணி வாய்க்குள் கையை விடுகிறவர்கள் இருக்கிறார்கள், செய்யவே செய்யாதீர்கள். அறிகுறி வந்த பிறகு நாய்க்கும் மனிதருக்கும் மருந்து கிடையாது. கடித்தாலோ, கீறினாலோ, புண்ணில் எச்சில் பட்டாலோ சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள், அங்கே ஊசி இலவசம். நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் தடுப்பூசி, அப்புறம் டாக்டர் சொல்லும் நாளில் அடுத்தது, பிறகு வருடா வருடம். அவ்வளவுதான், இதற்கு மேல் நான் பயமுறுத்தப் போவதில்லை.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டுகிறார்கள், ஒரே ஒரு நாயோடு முடித்துக்கொள்கிறேன். திருப்பத்தூர்க்காரர் ஒருவருடைய டைகர் பேருக்குத்தான் புலி, தீபாவளி வந்தால் கட்டிலுக்கு அடியில் போய் நடுங்கும், சிறுநீர் போய்விடும், ஒரு வருடம் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடி இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தது. நமக்கு வெடி ஒரு சத்தம், நாய்க்கு நாம் கேட்காத கீச்சுச் சத்தங்களும் சேர்ந்து கேட்கும், எங்கிருந்து வருகிறது, எப்போது நிற்கும் என்று அதற்குத் தெரியாது. அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பக்கத்திலேயே கொள்ளுக்குடிப்பட்டியில் அவருக்குச் சொந்தம் உண்டு. அங்கே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது, 1977-இல் அறிவித்தது, வலசை வந்து கூடு கட்டும் பறவைகள் கலைந்துவிடக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அதனால் தீபாவளிக்கு முதல்நாளே நாயையும் பலகாரத் தூக்கையும் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு அங்கே போய்விடுகிறார், பறவை இருக்கும் இடம் என்பதால் நாயைச் சங்கிலியை விட்டு அவிழ்ப்பதில்லை. பெஞ்சில் இதைக் கேட்ட இன்னொருவர், எங்களுக்கும் அந்த ஊரில் ஒரு சம்பந்தம் பேசி முடித்துக் கொடுங்கள் என்று பாதி விளையாட்டாகக் கேட்டார். போன வருடம் திருப்பத்தூர்க்காரருக்கு வேறு வேலை, வர முடியாது என்று போன் செய்தாராம். "நீங்க வராட்டியும் பரவாயில்ல அத்தான், டைகரை மட்டும் கொண்டாந்து விட்டுட்டுப் போங்க, பிள்ளைக கேட்குதுக" என்றார்களாம். வணக்கம்.