விருந்தும் மருந்தும் மூன்று நாளா?

(உலக எயிட்ஸ் தினத்தையொட்டிக் களுவாஞ்சிக்குடியில் பேசியது.)

தலைவர் அவர்களே, இந்த மழையிலும் வந்திருக்கும் பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, சுகாதார வைத்திய அதிகாரி அவர்களே, காத்தான்குடியிலிருந்து வந்திருக்கும் மௌலவி அவர்களே, கோயில் வண்ணக்கர் ஐயா அவர்களே (நாலாவதாகச் சொன்னேன் என்று கோபிக்க வேண்டாம் ஐயா, போன வருஷம் உங்களைத்தான் முதலில் சொன்னேன்), குடை பிடித்து வந்த மருத்துவ மாதுமாரே, எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

முப்பது வருஷத்துக்கு மேல் மருந்து கொடுத்தவன் நான். மூன்று விஷயம் பேசுவதாகத் தலைவரிடம் சொல்லியிருக்கிறேன். பக்டீரியா என்ன, வைரஸ் என்ன, எயிட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. வைரஸுக்கு ஏன் இன்னும் தடுப்பூசி இல்லை.

பக்டீரியா தன் சட்டி, அடுப்பு, அரிசி எல்லாம் கொண்டு வந்து நம் வளவில் குடியிருந்து சமைக்கிற ஆள். தன்னைச் சுற்றி ஒரு மதிலும் கட்டிக்கொள்ளும். 1928 இல் பிளெமிங் கண்ட பெனிசிலின் செய்வது அந்த மதிலைக் கட்டவிடாமல் தடுப்பதுதான். நம் உயிரணுக்களுக்கு மதில் கிடையாது, அதனால் நமக்குப் பங்கமில்லை.

வைரஸிடம் சட்டியும் இல்லை, அடுப்பும் இல்லை. சமையல் குறிப்பு எழுதிய ஒரு துண்டுக் காகிதம் மட்டும் வைத்திருக்கும். நம் குசினிக்குள் நுழைந்து நம் அடுப்பிலேயே தன்னை ஆயிரமாய்ச் சமைப்பிக்கும். மதிலே இல்லாதவனிடம் மதிலிடிக்கிற மருந்து என்ன செய்யும்? எச்.ஐ.வி. இன்னும் ஒரு படி மேலே போகும். அது நுழைகிற இடம் காவற்காரன் வீடு, நோயெதிர்ப்பு உயிரணு. அங்கே நம் மரபணு என்கிற காணி உறுதியிலேயே தன் பெயரை எழுதிவிடும். அதனால்தான் மாத்திரை அதை அடக்கி வைக்கிறது, அழிப்பதில்லை. ஒழுங்காகக் குடித்து, இரத்தத்தில் வைரஸ் தென்படாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவால் மற்றவருக்குத் தொற்றாது. ஆனால் ஆயுசுக்கும் குடிக்க வேண்டும். 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்று நம் ஆட்கள் சொல்வார்களே, அந்தப் பழமொழியோடு எனக்கு நெடுநாள் வழக்கு.

கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் இரத்தம் எடுக்கிறார்களே, அதில் சிபிலிஸும் பார்க்கிறார்கள், எச்.ஐ.வி.யும் பார்க்கிறார்கள். ஒன்று பக்டீரியா, ஆரம்பத்தில் கண்டால் பெனிசிலின் ஊசியோடு தீரும். மற்றது வைரஸ். இரண்டுமே தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவதை ஒழித்த நாடு என்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது. மாதுமாருக்கு ஒரு கைதட்டுத் தாருங்கள்.

சரி, என் பெரியப்பாவின் கதைக்கு வருகிறேன். படுவான்கரையில் வயல் செய்தவர். மூன்று நாளில் சுகம் கண்டதும் மிச்சக் கப்சூலையெல்லாம் ஒரு பால்மா டின்னில் போட்டு வைப்பார். 'விருந்தும் மருந்தும் மூன்று நாளடா மகன்' என்பார். பேரனுக்குத் தடிமன் வந்தால் டின் திறக்கும். பக்கத்து வீட்டு மச்சாளுக்கு இருமல், டின் திறக்கும். ஒருநாள் ஆட்டின் கால் புண்ணுக்குக் கப்சூலை உடைத்துத் தூளாகத் தூவிக்கொண்டிருந்தார்! தடிமன் வைரஸால் வருவது, ஒரு கிழமையில் தானாகப் போகும். ஆனால் பேர் டின்னுக்கு. ஊரே அவரை டொக்டர் என்றது. கடைசியில் அவருக்கே ஒரு மாரியில் காய்ச்சல் வந்தது. வழக்கம்போல டின்னைத் திறந்தார். மூன்று நாள் விழுங்கிப் பார்த்து, கண் மஞ்சளித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம். எலிக்காய்ச்சல். அது பக்டீரியாதான், அதற்கு அன்டிபயோட்டிக் வேண்டும். ஆனால் டின்னில் கிடந்தது என்ன கப்சூல், எந்த வருஷத்தது என்று அவருக்கும் தெரியாது. தப்பிவிட்டார். டின்னை நான் வாவியில் எறிந்தேன். அதுவும் பிழைதான், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்னைப் பார்க்கிறார்.

டெங்குவும் காய்ச்சல், எலிக்காய்ச்சலும் காய்ச்சல். ஒன்று வைரஸ், ஒன்று பக்டீரியா. நெற்றியில் கைவைத்துப் பிரித்தறிய முடியாது. அதனால்தான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன், டொக்டர் எழுதித் தரும் துண்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் வாங்காதீர்கள், கடைக்காரத் தம்பிமாரே, துண்டு இல்லாமல் கொடுக்காதீர்கள். வயலுக்குப் போகிறவர்களுக்குப் பரிசோதகர் தரும் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை வேறு விஷயம், அதை வாங்கிக் குடியுங்கள். மருந்தை அளவு குறைத்துப் பாவித்தால் கிருமி பழகிக்கொள்ளும் என்று 1945 இல் நோபல் உரையிலேயே பிளெமிங் எச்சரித்தார். கசநோய்க்கு ஆறு மாதம் மருந்து. எச்.ஐ.வி. உள்ளவரைக் கசநோய் லேசாகப் பிடிக்கும், அவரிடம் போய் 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்று யாராவது சொல்வார்களா?

அப்புறம் தடுப்பூசி. எச்.ஐ.வி. தன்னைப் பிரதி எடுக்கும்போது ஓயாமல் பிழைவிடும், ஒவ்வொரு பிழையும் ஒரு புது முகம்... தலைவர் நேரம் முடிந்தது என்று எழுதி அனுப்பியிருக்கிறார். துண்டை மதியுங்கள் என்று இவ்வளவு நேரமும் சொன்னவன் நான். வணக்கம்.