மனிதநேயம் என்றொரு வாத்தியார் வேலை

அவைத்தலைவர் அவர்களே, ஆசிரிய நண்பர்களே, வணக்கம்.

'மனிதநேயத் தத்துவமும் கல்வியும்' என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். தலைப்பின் முதல் சொல்லே நம்மைத் திசைதிருப்பிவிடும். தமிழில் மனிதநேயம் என்றால் இரக்கம். பசித்தவனுக்குச் சோறு போடுவது. ஆனால் மறுமலர்ச்சிக் கால இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் 'உமனிஸ்தா' என்பது ஒரு வேலையின் பெயர். சட்டம் நடத்துகிறவரை 'லெஜிஸ்தா' என்று மாணவர்கள் கூப்பிட்டார்கள். இலக்கணம், நாவன்மை, வரலாறு, கவிதை, அறவியல் ஆகிய ஐந்தையும் நடத்துகிறவரை அதே வாய்ப்பாட்டில் 'உமனிஸ்தா' என்றார்கள். அவர் தத்துவஞானி அல்ல, வாத்தியார். 'ஹியூமனிஸ்முஸ்' என்ற கொள்கைப் பெயரே 1808-இல்தான் வருகிறது. ஜெர்மனியில் நீட்ஹாமர் என்பவர் வைத்த பெயர் அது. பள்ளியில் பழைய மொழிகளா, பிழைப்புக்கு உதவும் பாடங்களா என்ற சண்டைக்காக எழுதிய நூலில் வைத்தார். ஒரு தத்துவம் வந்து கல்வியை மாற்றியது என்று சொல்வதைவிட, வகுப்பறைப் பழக்கம் ஒன்றுக்கு நெடுநாள் கழித்துத் தத்துவம் என்று பெயர் வந்தது என்று சொல்வதே பொருந்தும். அதனால் நான் கொள்கையைவிட நோட்டுப் புத்தகத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

1416-இல் போஜ்ஜோ என்பவர் சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் மடத்தில் குயிண்டிலியன் எழுதிய பேச்சாளர் பயிற்சி நூலின் முழுப் பிரதியைக் கண்டெடுத்தார். அதுவரை சிதைந்த பிரதிகளே பெரும்பாலும் புழங்கின. பிள்ளைகளை அடிக்கக்கூடாது, தந்தத்தில் செய்த எழுத்துகளை விளையாடக் கொடுத்து எழுத்தறிவிக்கலாம் என்று ரோமானிய வாத்தியார் ஒருவர் முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தது முழுசாகக் கைக்கு வந்தது. ஏழே ஆண்டில், 1423-இல், வித்தோரினோ தா ஃபெல்த்ரே மாந்துவா நகரில் பள்ளி தொடங்கினார். கொன்சாகா அரச குடும்பத்தின் உல்லாச மாளிகை ஒன்றைப் பள்ளியாக்கி, 'மகிழ்ச்சி இல்லம்' என்ற பொருளில் ஜொகோசா என்று பெயரிட்டார். இளவரசர்களோடு ஏழைப் பிள்ளைகளும் படித்தார்கள். ஏழைகளுக்குக் கட்டணம் கிடையாது. லத்தீனும் கிரேக்கமும் போகக் கணக்கும் இசையும் உண்டு; பாடத்துக்கு நடுவே ஓட்டமும் விளையாட்டும் உண்டு. பருமனாயிருந்த மூத்த இளவரசனின் சாப்பாட்டையே வாத்தியார் கவனித்துத் திருத்தினார். இந்த மனிதர் கல்வியைப் பற்றி ஒரு நூல்கூட எழுதவில்லை. அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி மாணவர்கள் சொன்னதுதான்.

அடுத்து இங்கிலாந்து. 1509-இல் ஜான் கோலெட் லண்டன் புனித பவுல் பள்ளியைப் புதிதாக நிறுவினார். இடம் 153 பேருக்கு. யோவான் நற்செய்தியில் வலையில் சிக்கிய மீன்களின் எண்ணிக்கை அது! அவர் பாதிரியார்தான், ஆனால் நிர்வாகத்தை ஒப்படைத்தது துணி வணிகர் சங்கத்திடம். அந்தப் பள்ளிக்காக, ஹாலந்து நாட்டு அறிஞர் எராஸ்மஸ் 1512-இல் 'தே கோப்பியா' என்ற பயிற்சி நூலை வெளியிட்டார். கோப்பியா என்றால் வளம், சொல்வளமும் பொருள்வளமும். நூலின் பெயர்பெற்ற பகுதியில் 'உன் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது' என்ற ஒரே வாக்கியத்தை நூற்றுக்கும் மேற்பட்ட விதங்களில் எழுதிக் காட்டுகிறார். முதலில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒத்த சொல்லை மாற்றிப் போடுவது. பிறகு வாக்கிய அமைப்பைப் புரட்டுவது: கடிதம் மகிழ்வித்தது, கடிதத்தால் மகிழ்ந்தேன், மகிழாமல் இருக்க முடியவில்லை. அப்புறம் உருவகம்: கடிதம் தேனாகிறது, விருந்தாகிறது. சில வடிவங்கள் கவிதைக்கு மட்டும் பொருந்தும், சில கேலிக்கூத்தாக இருக்கும். அது அவருக்கும் தெரியும். வளம் தெரிந்தவனுக்குத்தான் எதை வெட்டலாம் என்று தெரியும், சுருக்கம் அவனுக்கே கைவரும் என்பது அவருடைய வாதம். நூலின் இரண்டாம் பாகம் பொருள்வளம். நோட்டை எடு, அறங்களையும் அவற்றின் எதிர்களையும் தலைப்புகளாகப் போடு, படிக்கும்போது கிடைக்கும் பழமொழி, உவமை, எடுத்துக்காட்டு எல்லாவற்றையும் அந்தந்தத் தலைப்பின் கீழ் எழுது என்கிறார்.

எனக்கு இவற்றில் ஆகச் சிறந்த உத்தியாகப் படுவது ரோஜர் ஆஸ்கம் விவரித்த இருவழி மொழிபெயர்ப்பு. ஆஸ்கம் முதலாம் எலிசபெத்துக்குப் பாடம் சொன்னவர். 1563-இல் அரசவை விருந்தொன்றில், அடிக்குப் பயந்து ஈட்டன் பள்ளி மாணவர்கள் ஓடிப்போன செய்தி பேச்சுக்கு வந்தது. அந்தப் பேச்சின் விளைவாக எழுந்த நூல் அவர் இறந்தபின் 1570-இல் அச்சானது. முறை இதுதான். பண்டைய ரோமப் பேச்சாளர் சிசரோவின் எளிய கடிதம் ஒன்றை ஆசிரியர் பொருள் சொல்லி, சொல் சொல்லாகப் பிரித்துக் காட்டுவார். மாணவன் தனியே உட்கார்ந்து அதை ஒரு நோட்டில் ஆங்கிலமாக்குவான். மூலத்தை வாங்கி வைத்துவிட வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம் கழித்து, தன் ஆங்கிலத்தை மட்டும் பார்த்து இன்னொரு நோட்டில் மறுபடி லத்தீனாக்குவான். அப்புறம் சிசரோவைத் திறந்து வரிக்கு வரி ஒப்பிடுவார்கள். தவறிய இடத்தில் பிரம்பு இல்லை. 'சிசரோவாக இருந்தால் இந்தச் சொல்லைப் போட்டிருப்பார், இதை இப்படி வரிசைப்படுத்தியிருப்பார்' என்று சொன்னால் போதும். பழகியபின் மூன்றாவது நோட்டு வரும். அதில் ஆறு தலைப்புகள்: நேர்ப்பொருள், உருவகப்பொருள், ஒருபொருட் சொற்கள், நுண்வேறுபாடு உள்ளவை, எதிர்ச்சொற்கள், சொற்றொடர்கள்.

இதில் உயிர்நாடி அந்த ஒரு மணி நேர இடைவெளி. உடனே திருப்பி எழுதினால் ஞாபகத்திலிருந்து ஒப்பிப்பான், அவ்வளவுதான். ரொம்பத் தள்ளிப்போட்டால் ஆசிரியர் சொன்ன விளக்கமே மறந்துபோகும். பகுதி நீளமாக இருந்தால் ஒப்பிடுவதற்குள் பொழுது போய்விடும். இதையெல்லாம்விடப் பெரிய சிரமம், ஒவ்வொரு நோட்டையும் ஆசிரியர் கூட உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஓர் இளவரசிக்கு அது முடியும். ஒரு வகுப்பு முழுக்க நோட்டு திருத்துகிற உங்களுக்கு அதன் பாரம் புரியும்.

பிழைத்த இடங்களையும் சொல்ல வேண்டும். நல்ல இலக்கியம் படித்தவன் நல்லவனாவான் என்பது இவர்கள் எல்லோரும் கொடுத்த வாக்குறுதி. வகுப்பறையில் நடந்ததோ சொல்லுக்குப் பொருள், ஊருக்குக் குறிப்பு, அணிக்குப் பெயர் என்று எழுதிக்கொண்டே போவது. அந்த உழைப்பு எந்த வழியாக ஒழுக்கமாகும் என்று யாரும் விளக்கவில்லை. தானாக ஆகிவிடும் என்று நம்பினார்கள். சிசரோ பயன்படுத்தாத சொல்லைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்கிற பண்டிதர்கள் முளைத்தார்கள். எராஸ்மஸே 1528-இல் அவர்களைக் கிண்டலடித்து ஓர் உரையாடல் நூல் எழுத வேண்டியதாயிற்று. பெண்கல்வியில் வாசல் பாதிதான் திறந்தது. இத்தாலிய அறிஞர் லியோனார்தோ புரூனி, பத்திஸ்தா மலதெஸ்தா என்ற சீமாட்டிக்கு எழுதிய கடிதத்தில் கவிஞர்களைப் படி, வரலாற்றாசிரியர்களைப் படி என்று வாரி வழங்கிவிட்டு, நாவன்மைப் பயிற்சி மட்டும் பெண்ணுக்கு வேண்டாம் என்கிறார். மேடை ஏறப்போவதில்லையே என்பது காரணம். முழுக் கட்டடமும் எந்தத் தூணில் நிற்கிறதோ அதைக் கழற்றிவிட்டுக் கொடுத்த வீடு அது.

இந்த உத்திகளைப் பெரிய அளவுக்குக் கொண்டுபோனவர்கள் இயேசு சபையார். 1599-இல் வந்த அவர்களின் கல்வி விதிநூலில் கீழ்நிலை வகுப்புகள் ஐந்து: இலக்கணம் மூன்று, அதன்மேல் 'ஹுமானிதாஸ்', அதன்மேல் நாவன்மை. ஆமாம், மனிதநேயம் என்பது அங்கே ஒரு வகுப்பின் பெயர். ஆசிரியர் பகுதியை முழுதாக வாசிப்பார், கருத்தைச் சுருக்கிச் சொல்வார், வாக்கியம் வாக்கியமாக விளக்குவார், கடைசியில் அந்த வகுப்புக்கேற்ற குறிப்புகளைத் தருவார். நோட்டுத் திருத்தும் பாரத்துக்கும் வழி கண்டார்கள். மாணவர்களைப் பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மாணவத் தலைவன் ஒப்பித்தலைக் கேட்பான். ஒவ்வொருவனுக்கும் ஒரு போட்டியாளன் உண்டு. இவன் பிழையை அவன் பிடிப்பான்.

இந்த மரபில் படித்து வந்தவர்தான் நம் வீரமாமுனிவர். பெஸ்கி என்ற இயற்பெயருடைய அவர் 1680-இல் பிறந்த காஸ்திலியோனே, வித்தோரினோவின் மாந்துவாவுக்குப் பக்கத்து ஊர். அவருடைய சதுரகராதி (1732) பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதி. நிகண்டுகளில் இந்தப் பாகுபாட்டின் வித்து முன்பே உண்டு. அவர் கண்டுபிடித்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் செய்யுளாய் மனப்பாடம் செய்ய வேண்டியிருந்ததை அகரவரிசைக்கு மாற்றினார். பொருளகராதியில் ஒருபொருட் பல சொற்கள். தொடையகராதியில் எதுகைக்குத் தேடும் சொற்கள். வேண்டிய சொல்லை வேண்டிய நேரத்தில் எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்யும் இந்தக் கை, நோட்டில் தலைப்புப் போட்டுப் பழகிய கை என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவில் நடந்தது வேறு. 1837 பாடத்திட்டப்படி, கிம்னாசியம் எனப்பட்ட உயர்நிலைப் பள்ளியின் ஒன்பது ஆண்டுகளிலும் வாரப் பாடவேளைகளைக் கூட்டினால் லத்தீனுக்கு 86, கிரேக்கத்துக்கு 42, தாய்மொழியான ஜெர்மனுக்கு 22. லத்தீனில் மேடையேறிப் பேசவோ கடிதம் எழுதவோ யாருக்கும் வேலையில்லாமல் போனபிறகும், பள்ளியிறுதித் தேர்வில் லத்தீனிலேயே கட்டுரை எழுதச் சொன்னார்கள். அந்தக் கட்டுரையை எடுத்தது 1892 பாடத்திட்டம்தான்.