அந்த அம்மா பேசும்போது கேமராவைத் திருப்பினார்கள்

நடுவர் அவர்களே, அவைக்கு வணக்கம். இனவெறி ஒழியத் தேவை சட்டமா, கறுப்பின மக்களின் குரலைக் கேட்பதா? கேட்பதுதான் என்று பேச வந்தேன். எதிரணி அண்ணன் ஒரு போடு போட்டார்: "காது என்ன கோர்ட்டா, தீர்ப்பு சொல்ல?" நீங்களும் கைதட்டினீர்கள். சரி, முதலில் அதற்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

சட்டம் இருந்ததண்ணே! நிறத்தைக் காட்டி ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1870லேயே எழுதிவிட்டார்கள். ஆனால் தென்மாநிலமான மிசிசிப்பியில் பருத்தி எடுத்த கறுப்பினப் பெண் ஃபேனி லூ ஹேமருக்குத் தானும் ஓட்டுப் போடலாம் என்பதே 1962இல், 44 வயதில்தான் தெரிந்தது. பதிவு செய்யப் போனார். 18 வருஷம் உழைத்த தோட்டத்திலிருந்து அன்றைக்கே துரத்தினார்கள். எங்கேண்ணே போயிருந்தது உங்கள் சட்டம்?

இப்போது 1964 ஆகஸ்ட் 22க்கு வாருங்கள். அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சி மாநாடு. மிசிசிப்பியிலிருந்து வெள்ளையர்கள் மட்டுமே பிரதிநிதிகளா என்று கேட்க, பிரதிநிதிகளை முடிவு செய்யும் குழு முன்னால் அந்த அம்மா உட்கார்ந்திருக்கிறார். எதிரே டிவி கேமராக்கள். பேச ஆரம்பிக்கிறார். அங்கே வெள்ளை மாளிகையில் அதே கட்சி ஜனாதிபதி ஜான்சனுக்குத் தென்மாநில வெள்ளையர் ஓட்டுப் போய்விடுமே என்ற கவலை. திடீரென்று நிருபர்களைக் கூப்பிட்டார். துணை ஜனாதிபதி வேட்பாளரை அறிவிக்கப் போகிறார் என்று கேமராக்கள் ஓடின. அவர் என்ன சொன்னார் தெரியுமா? கென்னடி சுடப்பட்டு இன்றோடு ஒன்பது மாதம் என்றார்! உலகத்திலேயே பெரிய பதவியில் இருந்தவர், ஒரு பருத்திக்காட்டுத் தொழிலாளியின் பேச்சு வீடுகளுக்குள் போய்விடக் கூடாது என்று அந்த நேரத்தில் மைக் பிடித்தார். யோசித்துப் பாருங்கள், காதுக்கு வலிமை இல்லையென்றால் அவர் ஏன் அப்படிப் பயந்தார்?

ஆனால் அன்று இரவே தொலைக்காட்சிகள் அந்தப் பேச்சைத் திரும்பப் போட்டன, நாடே கேட்டது. அடுத்த வருஷம் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் யார்? அதே ஜான்சன். ஹேமர் ஒருவரால் மட்டும் வந்ததல்ல அது, ஓட்டுரிமை கேட்டு செல்மா ஊரில் ஊர்வலம் போய் அடிபட்டவர்களும் சேர்ந்துதான் கொண்டுவந்தார்கள். ஆனாலும் குரல் முதலில், சட்டம் அப்புறம்தானே அண்ணே?

அன்று அந்த அம்மா என்ன சொன்னார்? 1963இல் மிசிசிப்பியின் வினோனா ஊர்ச் சிறையில் தன்னைக் குப்புறப் படுக்கவைத்து அடித்ததைச் சொன்னார். அடியில் உடை மேலேறியது, இழுத்துவிட்டேன், ஒரு வெள்ளைக்காரர் வந்து மறுபடி மேலே தூக்கிவிட்டார் என்று, ஊரறியச் சொன்னார். அதை நாலு பேர் முன்னால் சொல்ல ஒரு பெண்ணுக்கு எவ்வளவு கூசியிருக்கும்! அந்த அடியில் கெட்ட சிறுநீரகத்தோடுதான் 1977இல் சாகும்வரை இருந்தார். அந்தக் குரலிடமிருந்தா கேமராவைத் திருப்பினார்கள்?

எனக்கு மேலே பேச வரவில்லை. நடுவர் அவர்களே, மணியை அடித்துவிடுங்கள்.